பழுது பார்க்கும் ஒப்பந்தம்: கையொப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. 2022இல் சென்னைக் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் நாணயம் இட்டால் துணிப்பை தரும் தானியங்கி இயந்திரம் வைக்கப்பட்டது. துணியை நம்பி வாழும் நமக்கு இது நற்செய்தியே.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நெசவாளர் சங்கம் ஒன்று இத்தகைய இயந்திரத்தை வைப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 60 பை விற்றால் விற்பனை 600 ரூபாய். பழுது நீங்கப் பத்து நாளாயின் 6,000 ரூபாய் விற்பனை தடைப்படும். ஆகவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நிர்வாகக் குழுவினர் மூன்று விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, கட்டணம் கூலிக்கு மட்டுமா, உதிரி பாகங்களும் அடக்கமா என்பது. நாணயம் சோதிக்கும் பகுதி, மோட்டார் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுக.

இரண்டாவது, காலவரை. புகார் செய்தபின் எத்தனை மணிக்குள் மெக்கானிக் வருவார், எத்தனை நாளுக்குள் பழுது நீங்கும் என்பவை வெவ்வேறு. இரண்டையும் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, தவறினால் நாளொன்றுக்குக் கட்டணத்தில் கழிக்கும் தொகை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, குறித்த தொகை உச்சவரம்பே; அதற்குட்பட்ட நியாயமான ஈடுதான் கிடைக்கும். ஆதலின் புகார் செய்த நாள், மெக்கானிக் வந்த நாள், செய்த வேலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, வந்தவரிடம் கையொப்பம் பெறுக.

கட்டணம் முழுவதையும் முன்னதாகக் கொடாமல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கொடுத்தல் நலம். அங்கத்தினர்கள் இவ்வொப்பந்தத்தைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டும்படி கேட்பார்களாக.