ஆழம் தெரிந்து காலை வைப்போம்! (கடலோரத்தில் நான்கு நாள் முகாம்)



நம்ம எலவனாசூர்கோட்டையில் ஏரி இருக்கு, கிணறு இருக்கு. கடல் மட்டும் இல்லை. எங்க வகுப்பில் கடலை நேரில் பார்த்தவர்களைக் கை விட்டு எண்ணிவிடலாம். டூர் என்றாலும் வேனில் ஏறி, ரெண்டு நாளில் பத்து ஊர் ஓடி, வேனிலேயே தூங்கி வருவோம். திரும்பி வந்த பிறகு எந்தக் கோயில் எந்த ஊரில் பார்த்தோம் என்பதே குழம்பிப் போகும்.

அப்படி இல்லாமல், ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு, தினம் ஒரு ஊருக்குப் போய் நிதானமாகப் பார்த்து, சாயங்காலம் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் முகாம். மூட்டையை ஒரு தடவை அவிழ்த்தால் போதும். அப்படிப்பட்ட ஒரு முகாமைப் பற்றியும், அதில் படிக்க வேண்டிய பாடத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

1. முகாம் எப்படித் தொடங்கியது?

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சின்னத் தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்தார்கள். 4 அணியாகப் பிரிந்து வேலைகளைச் செய்தார்கள். சாரணர் இயக்கம் அந்த முகாமிலிருந்து பிறந்ததுதான். அதாவது முதல் சாரணர் முகாமே கடல் சூழ்ந்த இடத்தில்தான் நடந்தது!

1909-ல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகளும் வந்து நின்று, எங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். 1910-ல் பெண்களுக்கான சாரணியர் இயக்கம் ஏற்பட்டது. ஆகவே முகாம் என்பது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அல்ல.

2. எங்கே போகலாம்?

பரங்கிப்பேட்டைக்குப் போகலாம் என்பது என் யோசனை. அதற்குக் காரணம் உண்டு. கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி ஆற்றிலும் மணிமுத்தா ஆற்றிலும் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் கடைசியில் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் இடம்தான் பரங்கிப்பேட்டை. அங்கே போனால் நம்ம மலைத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கலாம்!

வழி: உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி.

எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் அதிகம். மே மாதம் வெயில் தாங்காது. பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாட்கள்தான் நல்லது.

3. நான்கு நாள் திட்டம்

முதல் நாள்: பரங்கிப்பேட்டை போய் இடம் பிடித்து ஓய்வெடுக்க வேண்டும். சாயங்காலம் வெள்ளாற்று முகத்துவாரத்தைப் பார்க்கலாம். இந்த ஊருக்கு போர்ட்டோ நோவோ என்று போர்ச்சுகீசியர் பெயர் வைத்தார்கள். 1-7-1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் இங்கே பெரிய சண்டை நடந்து, ஆங்கிலேயர் வென்றார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இங்கேதான் உள்ளது. ஆசிரியர் மூலம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள்: பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில் உள்ள சதுப்புநிலக் காடு. பரப்பு சுமார் 1100 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகில் மரங்களுக்கு இடையே போகலாம். அறிவியல் பாடத்தில் படித்ததை இங்கே கண்ணால் பார்க்கலாம்:
• வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல மேலே நிற்கும். சேற்றில் காற்று இல்லாததால் அந்த வேர்கள் வழியாக மரம் மூச்சு விடுகிறது.
• சுரபுன்னைக்குத் தாங்கு வேர்கள் உண்டு. அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும்.
• தில்லை மரத்தைத் தொடக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

மூன்றாம் நாள்: சீர்காழி வழியாகப் பூம்புகார், தரங்கம்பாடி. பூம்புகாரில் காவிரி கடலில் சேருகிறது. சிலப்பதிகாரக் கலைக்கூடமும் உண்டு. தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டுக்காரர்கள் 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706-ல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்துக் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கடலரிப்பு என்று பாடத்தில் ஒரு வரியில் படித்ததை அங்கே நின்று பார்த்தால் மறக்கவே மறக்காது.

நான்காம் நாள்: காலையில் சிதம்பரம் நடராஜர் கோயில். மதியம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம்.

4. கடல் பாடம் (இதைத்தான் கட்டாயம் படிக்க வேண்டும்)

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிணற்றில் நீந்தத் தெரியும் என்று கடலில் இறங்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும். கடல் தண்ணீர் இழுக்கும்.

அ) ஏற்றமும் வற்றமும்: நிலா, சூரியன் இவற்றின் ஈர்ப்பால் கடல் நீர் ஒரு நாளில் ரெண்டு தடவை ஏறி, ரெண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்றம் அதிகம். ஆகவே தண்ணீர் இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்துக் கூடாரம் போடக் கூடாது. குப்பை, கிளிஞ்சல் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பார்த்து, அதற்கு நன்றாக மேலே மேட்டில் போட வேண்டும்.

ஆ) உள்ளே இழுக்கும் நீரோட்டம்: கரைக்கு வந்த அலைத் தண்ணீர் சில இடங்களில் ஒன்று சேர்ந்து வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். அமைதி என்று நம்பி இறங்கினால் இழுத்துவிடும். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகு கரைக்கு வர வேண்டும். ஒருத்தர் மாட்டினால் நாம் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு, காலி கேன், கட்டை எதையாவது வீசி, மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

இ) சுனாமி: 26-12-2004 ஞாயிற்றுக்கிழமை காலை இந்தோனேசியாவின் சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம் ஏற்பட்டது. ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் கழித்துத் தமிழ்நாட்டுக் கரையை அலை தாக்கியது. அதுவரை இங்கே யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே நாளில் தாய்லாந்து புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி விடுமுறைக்கு வந்து கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு ஒரு மாதிரி இருந்ததைப் பார்த்தாள். ரெண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் அவள் ஆசிரியர் சுனாமி பாடம் நடத்தியிருந்தார். உடனே அம்மா அப்பாவிடம் விடாமல் சொன்னாள். கரையில் இருந்த சுமார் 100 பேரை வெளியேற்றினார்கள். அந்தக் கடற்கரையில் ஒருவரும் இறக்கவில்லை!

பிச்சாவரம் பகுதியில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. திறந்த கரையில் இருந்தவை அழிந்தன. மரம் மட்டுமே காரணம் இல்லை, தூரமும் மேடும்கூடக் காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எப்படியும் மரம் நின்றால் அலையின் வேகம் குறையும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியது: தரை பலமாக ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ மேட்டுக்கு ஓட வேண்டும். உள்வாங்கிய இடத்தில் சிப்பி பொறுக்கப் போகக் கூடாது. எல்லா சுனாமியிலும் கடல் முதலில் உள்வாங்காது. ஒரு அலையோடும் முடியாது. அதனால் உடனே திரும்பி வரவும் கூடாது. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படுகிறது.

5. முகாம் விதிகள்

• பள்ளி வளாகம் போன்ற பாதுகாப்பான இடத்தில் அனுமதி வாங்கித் தங்க வேண்டும். காட்டுக்குள் தங்கக் கூடாது.
• கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.
• கோமுகி, மணிமுத்தா, வெள்ளாறு, கெடிலம் என்று 4 அணி. சமையல், தண்ணீர், சுத்தம், பெயர் சரிபார்த்தல் ஆகிய வேலைகளைத் தினமும் மாற்றிச் செய்ய வேண்டும்.
• ஆசிரியை இல்லாமல் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. முழங்காலுக்கு மேல் இறங்கவும் கூடாது.
• பிளாஸ்டிக் கவரைக் கரையில் போடாமல் திருப்பி எடுத்து வர வேண்டும்.
• மதியம் 1 முதல் 3 வரை எல்லோருக்கும் ஓய்வு. விடுமுறையை விடுமுறையாகவும் அனுபவிக்க வேண்டும் அல்லவா!

6. வீட்டில் என்ன சொல்வது?

"பொம்பளப் பிள்ளை ராத்திரி வெளியூரில் தங்குறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். அதனால் கோபப்படாமல், எங்கே தங்குகிறோம், எந்த ஆசிரியை வருகிறார், எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். "அங்க போய் என்னத்த கத்துக்கப் போற?" என்று கேட்டால் டில்லி ஸ்மித் கதையைச் சொல்லுங்கள். ஒரு புவியியல் பாடம், அதைக் கவனித்துப் படித்த ஒரு பெண் பிள்ளை, 100 உயிர். இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்:
1) கோமுகித் தண்ணீர் எந்த ஊரில் கடலைச் சேருகிறது?
2) வெண்கண்டல் வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது?
3) கடலில் அமைதியாகத் தெரியும் இடம் ஏன் ஆபத்து?

விடைகள் இந்தத் தாளிலேயே உள்ளன. தேடிப் படியுங்கள், தெரியாத தம்பி தங்கைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி