நோன்பில் கண்ட மன உறுதி

"புகையை விட எனக்கு மன உறுதி இல்லை" என்று கூறும் சகோதரர்கள் கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் நம்மிடையே உண்டு. இதை நாம் ஒப்புவதற்கில்லை. பால்மரம் வெட்டுபவராயினும் கடைக் கல்லாவில் அமர்ந்தவராயினும், ரமலான் மாதத்தில் சுபுஹு முதல் மஃரிபு வரை, 13 மணி நேரத்துக்கும் மேலாகச் சிகரெட்டைத் தொடாதிருப்பவர் அவரேயன்றோ? உறுதி இருக்கிறது, பாங்கு சொன்னதும் அதற்கு விடுமுறை கொடுத்துவிடுகிறோம். பேரீத்தம்பழம் கரையுமுன்னே கை சட்டைப்பையைத் தேடுகிறது!

இதில் ஒரு நுட்பம் உண்டு. புகையை நிறுத்தியவருக்கு நிகோட்டின் வேட்கையும் எரிச்சலும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சமாயிருக்கும். பின் சில வாரங்களில் தணியும். இரவுதோறும் புகைப்பவரோ அந்த உச்சத்தைத் தாண்டுவதேயில்லை. முப்பது நோன்பிலும் முதல் நாளின் வேதனையையே திரும்பத் திரும்பப் படுகிறார். பாவம், பட்ட பாட்டுக்குப் பலனில்லை!

ஆகவே, காக்க வேண்டியது நோன்பு திறந்த பின்னுள்ள நேரமே. எழும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். கஞ்சியைக் குடித்து, தொழுகைக்கு எழுந்துவிட்டால் அந்நேரம் கழிந்துவிடும்.

மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 1995-இலேயே புகைத்தல் ஹராம் என்று கூறிவிட்டது. தனியே முடியாதவர் வெட்கப்பட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குகளில் இதற்கென ஆலோசனை தருகிறார்கள். நோன்புக்கு முன்பே போவது நலம். நிகோட்டின் சுவிங்கத்தைப் பகலில் மெல்ல முடியாதல்லவா?