தேவைக் கூற்றுகளில் பொருள் மயக்கம்: ‘எழுத்து’, ‘வேண்டும்’ ஆகிய சொற்களை முன்வைத்து

முன்னுரை

மென்பொருள் ஒன்று செய்யவேண்டுவதை வரையறுக்கும் தொடர் தேவைக் கூற்று எனப்படும். அதனை எழுதுவோரும் நிரலாளரும் சோதிப்போரும் ஒரே பொருளில் கொள்ளாவிடில், பிழை நிரலில் தோன்றுமுன் மொழியிலேயே தோன்றிவிடுகிறது. நூற்குற்றங்கள் பத்தனுள் ஒன்றாக நன்னூல் சுட்டும் ‘மயங்க வைத்தல்’ இங்கும் பொருந்தும். இதனை இரு சொற்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவு மயக்கம்

‘ஊர்ப்பெயர்ப் புலம் 10 எழுத்துகளை ஏற்க வேண்டும்’ என்பது ஒரு கூற்று எனக் கொள்வோம். தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர், இலக்கண மரபின்படி 8 எழுத்துகள் கொண்டது, புலத்தில் அடங்கும். ஒருங்குறியிலோ வா, சு, தே, ல், லூ, ர் ஆகிய ஒவ்வொன்றும் இரு குறியெண்களால் ஆனது. பெயர் முழுதும் 14 குறியெண்கள். குறியெண்ணையே எழுத்தெனக் கொள்ளும் நிரல் ‘வாசுதேவநல்’ என்பதோடு நின்றுவிடும். யு.டி.எஃப்-8 முறையில் குறியெண்ணுக்கு 3 வீதம் 42 பைட்டுகள் தேவை. பைட்டுகளை எண்ணும் நிரலில் ‘வாச’ மட்டுமே எஞ்சும். உயிர்மெய்க்குத் தனிக் குறியெண் தரும் டேஸ்-16 முறையில் எண்ணிக்கை மீண்டும் 8 ஆகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்-16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றுள்ளமையால், குறியீட்டு முறையையும் அலகையும் கூற்றே சுட்டுதல் இன்றியமையாதது. குறையுற்ற பெயருடன் அச்சாகும் சான்றிதழ் பிற ஆவணங்களோடு ஒத்துப்போகாது.

கடப்பாட்டு மயக்கம்

‘பெயரைத் தமிழில் உள்ளிட வேண்டும்’ என்னும் தொடரில் எழுவாய் தோன்றாது நிற்கிறது. தமிழுக்கு இது இயல்பே. ஆயினும் கடமை பயனருக்கா, உள்ளீட்டுக்கு வழிசெய்யும் மென்பொருளுக்கா என்பது தெளிவாகவில்லை. மேலும், ‘வேண்டும்’ என்பது கட்டாயத்தையும் பரிந்துரையையும் ஒருங்கே சுட்டவல்லது. ‘-லாம்’ ஈறு இசைவையும் வாய்ப்பையும் குறிக்கும். இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே, 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்னும் இணைய ஆவணம் ஆங்கிலக் கடப்பாட்டுச் சொற்களைக் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் எனப் படிநிலைப்படுத்தி வரையறுத்தது. தமிழிலும் ‘வேண்டும்’ கட்டாயத்திற்கும், ‘பரிந்துரைக்கப்படுகிறது’ பரிந்துரைக்கும், ‘-லாம்’ இசைவுக்கும், ‘கூடாது’ விலக்குக்கும் உரியன என ஆவணத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் தகும்.

முடிவுரை

மேற்கண்ட கூற்றைப் பின்வருமாறு திருத்தலாம்: ‘ஊர்ப்பெயர்ப் புலம், ஒருங்குறியில் அமைந்த பெயரைத் தமிழ் எழுத்தெண்ணிக்கையில் 10 வரை முழுமையாகச் சேமிக்க வேண்டும். எண்ணிக்கை மிகுந்தால் மென்பொருள் பயனருக்கு அறிவிக்க வேண்டும். பெயரைத் தானாகக் குறைக்கக் கூடாது.’ வினைமுதல், அலகு, கடப்பாடு ஆகிய மூன்றும் வெளிப்பட நிற்பதால் இக்கூற்றைச் சோதிக்க இயலும். வாசுதேவநல்லூர் என உள்ளிட்டு, சேமித்த பெயரில் 8 எழுத்துகளும் உள்ளனவா என நோக்குவதே அச்சோதனை. கலைச்சொல்லாக்கத்திற்கு இணையாகத் தொடரமைப்பிலும் தொழில்நுட்பத் தமிழ் கவனம் செலுத்தவேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.