ஓய்ந்திருக்கும் கணினியும் கெர்னல் பரீட்சையும்

கணினியைத் திறந்தவுடன் முதற்கண் நினைவகத்திற் குடியேறி, வட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புகளைத் தன் ஆணைக்குட்படுத்தி, ஏனைய நிரல்கள் யாவற்றிற்கும் அவற்றைப் பகிர்ந்தளிப்பது கெர்னல் எனப்படும். இயங்குதளத்தின் உட்கரு அஃதேயாம். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று பல தேசத்தாரும் கூடித் திருத்தும் பெருநூலாய் வளர்ந்துளது. ஒன்பது பத்து வாரங்களுக்கொரு முறை புதுப்பதிப்பு வெளிவருகின்றது. ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேற்பட்ட திருத்தங்கள் புகுவது வழக்கம்.

இத்திருத்தங்களைச் சோதிப்பார் யாவர்? எழுதினவர் தம்மிடமுள்ள யந்திரத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார். உலகிலுள்ள கணினிகளோ ஒருபடித்தானவை அல்ல. இக்குறையை நிரப்புவோருள், தமது ஓய்ந்திருக்கும் கணினியை மனமுவந்து உதவுவோரும் உளர்.

அவ்வுதவி இருவகைப்படும். ஒன்று, மூல நிரலை யந்திரமொழியாக்கும் தொகுத்தல். இதற்கு வேண்டுவது வேகமும் மின்சாரமுமே. ஒருவகைக் கணினிக்குரிய கெர்னலைப் பிறிதொருவகைக் கணினியிலும் தொகுக்கலாம். கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் 1999-இல் தொடங்கி 2020 வரை பொதுமக்களின் கணினிகளைக் கொண்டு வானொலி அலைகளை ஆராய்ந்த செட்டி அட் ஹோம் முயற்சியும் இத்தகையதே. அங்கே எவர் கணினியாயினும் பொருந்தும்.

மற்றொன்று, தொகுத்த கெர்னலை ஏற்றிப் பார்த்தல். இங்கே யந்திரத்தின் வலிமையினும் அதன் தனித்தன்மையே சிறப்புடைத்து. பிறரிடம் இல்லாத பழங்கணினியொன்று மூலையிற் கிடப்பின், புத்தம்புதிய கணினிகள் பலவற்றினும் அது பயன்படுதல் கூடும் என்பது எமது துணிபு. ஏற்றுகையில் கெர்னல் நிலைகுலைந்து நின்றுவிடின், வட்டில் ஒரு குறிப்பும் எழுதாமலே ஒழியலாம். ஆகவே, அதன் இறுதிச் சொற்களைக் கம்பிவழியே மற்றொரு கணினிக்கு அனுப்பிப் பதிந்துகொள்வர். 2019-இல் லினக்ஸ் பவுண்டேஷனைச் சேர்ந்த கெர்னல்-சி-ஐ என்னுந் திட்டம், பல இடங்களிலுள்ள ஆய்வுகூடங்களினின்று இவ்வகை முடிவுகளை ஒருங்கே திரட்டுகின்றது.

பிழை தோன்றிற்று எனின், அதனை விளைத்த திருத்தத்தைத் தேடவேண்டும். அதற்கென வகுத்த முறை மிக்க அழகுடையது. வரிசையாயுள்ள 1,000 திருத்தங்களின் நடுநிலையை ஏற்றிப் பார்க்க. நன்றெனின் குற்றம் பிற்பாதியில் உளது, தீதெனின் முற்பாதியில். அப்பாதியை மீண்டும் பாதியாக்குக. இங்ஙனஞ் செய்யின் ஏறக்குறைய 10 முறையில் குற்றமுடைய திருத்தம் அகப்படும். கணிதம் பயிலும் மாணவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். ஆயினும் அப்பத்து முறையும், பிழை தோன்றிய அந்த யந்திரத்தையே ஏற்றவேண்டும். அஃதுடையவர் பொறுமையின்றி அது கைகூடாது.

சோதிப்பார் இன்றேல் வருவது யாது? ஐட்டேனியம் என்னும் செயலிவகைக்குரிய பகுதி, அதனைப் பேணுவாரும் சோதிப்பாரும் அருகினமையால் 2023-இல் லினக்ஸினின்று நீக்கப்பட்டது. பின்வரும் பதிப்புகள் அவ்யந்திரங்களில் ஏறா.

இத்தொண்டிற் புகுவோர் ஒன்று கருதல் வேண்டும். பரீட்சைக் கெர்னல் சிற்சில வேளை வட்டிலுள்ளவற்றையும் சிதைத்துவிடும். ஆதலின் நன்கு நடந்துவந்த பழைய கெர்னலை நீக்காது வைத்துக்கொள்க. தேர்வுக் கட்டுரையின் ஒரே படியிருக்கும் கணினியை இதற்குக் கொடாதிருக்க.