ஒலி செல்லும் வழி

மின்குமிழ்களைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைத்துப் பார்க்கும் பரிசோதனையை விஞ்ஞானப் பாடத்தில் எல்லோரும் செய்திருப்பீர்கள். ஒன்றைக் கழற்றியதும் மற்றதும் அணைந்தால் தொடர். மற்றது எரிந்துகொண்டே இருந்தால் சமாந்தரம். பரீட்சை முடிந்ததும் நான் மறந்துவிட்ட இந்தப் பாடத்தை எனக்கு மீண்டும் படிப்பித்தது ஒரு கெசற் நாடா.

அதில் என் உம்மும்மா தாலாட்டுப் பாடுகிறார். அவருடைய குரல் எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆறு நிமிடங்கள்தான். நாடா முழுக்க 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். அடுப்படியில் யாரோ தேங்காய் துருவும் சத்தமும் கேட்கும். நானா தன் ஒலிப்பதிவு வேலைகளைக் கணினிக்கு மாற்றியபோது அலுமாரிக்குள் போன பழைய கருவி ஒன்றினால் இதைச் சீர்செய்து உம்மாவுக்குக் கொடுக்க விரும்பினேன். நாடாவை ஒரே முறை ஓட்டி, கணினியில் பிரதி எடுத்த பிறகே நானா என்னைத் தொடவிட்டார்.

கருவியின் பெயர் என்சோனிக் டிபி/4. 1992இல் வெளிவந்தது. கொமடோர் 64 கணினியின் ஒலிச் சில்லை வடிவமைத்த ரொபர்ட் யானஸ் உட்பட, முன்னர் அந்நிறுவனத்தில் வேலை செய்த பொறியியலாளர்கள் 1982இல் அமெரிக்காவில் தொடங்கியதே என்சோனிக். அதற்கு முன் பெரும் புகழ்பெற்றிருந்த யமஹா எஸ்பிஎக்ஸ்90 போன்ற கருவிகளில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு விளைவைத்தான் பயன்படுத்தலாம். டிபி/4இலோ ஒரே பெட்டிக்குள் நான்கு கருவிகள்: ஏ, பி, சி, டி என நான்கு அலகுகள், ஒவ்வொன்றுக்கும் தனியான 24 பிற் சில்லு, பின்புறத்தில் நான்கு உள்ளீடுகள், நான்கு வெளியீடுகள். நான்கு பேரின் குரலை நான்கு அலகுகளுக்கும் தனித்தனியே அனுப்பலாம். ஒரே குரலை நான்கினூடாகவும் அனுப்பலாம். இரண்டு குரல்களுக்கு இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம். ஒரு வயரையும் கழற்றத் தேவையில்லை. வழியை மாற்றுவது பொத்தான்கள்தான்.

வழி ஏன் முக்கியம் என்பதை என் தவறுகளாலேயே சொல்கிறேன். எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு. பெரிய மண்டபத்தில் பேசும்போது குரலுக்குப் பின்னால் இழுபடும் முழக்கம் ஒன்று. மற்றது 'கேற்' எனப்படும் வாயில்: ஒலி குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் இது மூடிக்கொள்ளும், ஆகவே வரிகளுக்கு இடையில் இரைச்சல் வராது. முதலில் ஏயில் முழக்கத்தையும் பியில் வாயிலையும் தொடராக வைத்தேன். முழக்கம் மெல்லத் தேய்ந்து போகவேண்டிய இடத்தில் வாயில் படாரென்று மூடி அதை வெட்டியது. ஒவ்வொரு வரியும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முடிந்தது. இரண்டையும் இடம்மாற்றினேன். இப்போது வாயில் முதலில் மூடுகிறது. முழக்கம் அதன் பின்னால் தன்பாட்டில் தேய்கிறது. அதே இரண்டு அலகுகள்தான், வரிசை மட்டுமே வேறு.

பெருமையோடு உம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டு முடித்தவர், "தேங்காய் துருவுற சத்தம் எங்க மகள்?" என்றார்.

வாயில் அதையும் இரைச்சலோடு சேர்த்து வெளியே தள்ளியிருந்தது. உம்மாவுக்கு அந்த வீடு இருந்ததே அந்தச் சத்தத்தில்தான். எனக்கு அழுகை வராத குறை. வாயிலை எடுத்துவிட்டால் துருவும் சத்தமும் இரைச்சலும் முழக்கத்துக்குள் போய், அடுப்படி மண்டபமாகிவிடும். அதுவும் சரியில்லை.

"ஒரு ரோட்டால ரெண்டு பேரையும் ஏன் அனுப்புறாய் தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு நானா போய்விட்டார். மின்குமிழ்கள் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

ஏ, பி இரண்டும் ஒரு சோடி. சி, டி இன்னொரு சோடி. இரு சோடிகளையும் சமாந்தரமாக்கினேன். முதற் பாதையில் முன்போலவே வாயில், அதன் பின் முழக்கம். ஆனால் பியின் கலவையை முழுக்க முழக்கத்தின் பக்கம் திருப்பினேன். இல்லாவிட்டால் நேர்க் குரலும் அந்த வழியால் வந்து இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது பாதையில் நாடாவில் உள்ளபடியே எல்லாம் போகும். சியில் உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் குறைத்தேன், இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் உறுத்தும். டி வேலையில்லாமல் இருந்தது.

இரண்டாவது பாதையில் மூச்சுப்பேச்சே இல்லை! அரை மணித்தியாலம் வயர்களைத் தடவினேன். பிழை டியில். ஓர் அலகை ஓய்வுபெற வைக்க இக்கருவியில் இரு முறைகள் உண்டு: 'பைபாஸ்' என்றால் ஒலி மாறாமல் கடந்து போகும், 'கில்' என்றால் அங்கேயே அடங்கிவிடும். டி 'கில்'லில் இருந்தது. தொடரில் ஒரு குமிழைக் கழற்றினால் என்ன ஆகும்? அதேதான்.

பின்னூட்டல் என்றொரு இணைப்பும் உண்டு. பின்னால் உள்ள அலகின் வெளியீடு முன்னுள்ளதற்கே திரும்பிப் போகும். அளவோடு வைத்தால் ஒலி சுழன்று சுழன்று அழகாக வரும், கூடினால் ஊளையிடும். ஆசைக்கு ஒருமுறை செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து விசாரித்தார்கள். தாலாட்டுக்கு அது தேவையில்லை. உண்மையில் முழக்கத்தையும் கடைசியில் காற்பங்காகக் குறைத்துவிட்டேன்.

இரவு உணவுக்குப் பின் உம்மா மீண்டும் கேட்டார். பாட்டு முடியும்வரை பேசவில்லை. பிறகு, "அது சாச்சி. அவ எப்பவும் அவசரமாத்தான் துருவுவா" என்றார்.