பதறும் கோழி, பதறாத கோழி

கோழியைப் பிடித்த சில நிமிடங்களிலேயே அதன் சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி கார்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. உடலில் சேர்ந்துள்ள சத்து சர்க்கரையாகி, தப்பி ஓட வலு கிடைக்கிறது. பருந்து பாயும் வேளையில் இது நல்லதே. ஆனால் அயர்ச்சி நாள்கணக்கில் நீடித்தால் தசை கரையும், முட்டை குறையும், நோய் எதிர்ப்புச் சக்தியும் தளரும்.

எல்லாக் கோழிகளிலும் இது ஒரே அளவில் சுரப்பதில்லை. வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. இதையும் வெள்ளை லெகார்ன் கோழியையும் அசையாமல் பிடித்து வைத்து இரத்தத்தைச் சோதித்த சுவீடன் நாட்டு ஆய்வு 2015இல் வெளியாயிற்று. காட்டுக்கோழியில்தான் ஹார்மோன் மிகுதியாக உயர்ந்தது. காட்டில் சட்டென்று பதறிய பறவை பிழைத்தது. வீட்டிலோ ஆள் நடமாட்டத்திலும் மேய்ந்து முட்டையிட்டதையே மனிதன் பெருக்கினான்.

இது வெறும் பழக்கம் என்று சிலர் நினைப்பதுண்டு. பரம்பரைக்கும் பங்குண்டு என்பதற்குக் காடையே சாட்சி. அமெரிக்காவின் லூசியானாவில் ஜப்பானியக் காடைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, இந்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் வழி, மிகுதியாகச் சுரக்கும் வழி என இரண்டை உருவாக்கி 1988இல் அறிவித்தனர்.

கொட்டகையில் அடைத்து வளர்ப்போர், ஆளைக் கண்டு மிரளாத பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்கலாம். மேய்ச்சலுக்கு விடுவோர் இதில் அவசரப்பட வேண்டாம். கீரி உள்ள ஊரில் பதறத் தெரிந்த கோழிதான் மாலையில் கூடு திரும்பும். அத்தகைய கோழிகளைத் தடுப்பூசிக்காகப் பகலில் துரத்தாமல், இருட்டியபின் மங்கிய வெளிச்சத்தில் பிடிக்கவேண்டும். தடுப்பூசியையும் இடமாற்றத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது.