ஆராதனையும் ஆயத்தமும்

கடவுளை வழிபடுதற்கும் அவருக்கு ஊழியஞ் செய்தற்கும் வேண்டுவன இரண்டு. ஒன்று பக்தி, மற்றொன்று ஆயத்தம். பக்தியின்றிச் செய்யும் ஆயத்தம் உயிரற்ற உடலை அலங்கரித்தலை ஒக்கும் என்பதனை நம்மில் யாவரும் ஒப்புவர். ஆயத்தமில்லாத பக்தியைக் குறையென்று எண்ணுவாரோ சிலரே. உள்ளத்தில் அன்பிருந்தாற் போதும், ஏனையவை தாமே வந்தமையும் என்று கூறுதல் மாணவரிடையே பெருவழக்கு. இக்கூற்று வேதத்திற்கும் நம் திருச்சபைச் சரித்திரத்திற்கும் பொருந்துமா என ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

தாவீதரசன் தேவாலயம் எடுக்க விரும்பினான். அவன் எடுக்கலாகாது என்றும், அவன் மகனே எடுப்பான் என்றும் தெய்வக் கட்டளை பிறந்தது. வேறொருவராயின் அம்மட்டில் முயற்சியைக் கைவிட்டிருப்பர். தாவீதோ தான் காணப்பெறாத ஆலயத்திற்கெனப் பொன்னும் வெள்ளியும் கேதுரு மரங்களும் குவித்தான். வாயிற் கதவுகளின் ஆணிகளுக்கென்று இரும்பையும் சேர்த்து வைத்தான் என்று நாளாகம முதற் புத்தகம் 22-ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆணியையும் மறவாத அச்சிரத்தை அவன் பக்திக்குப் புறம்பானதன்று. அவன் பக்தியே அவ்வுருக் கொண்டது.

இனி நம் நாட்டுச் சரித்திரத்தை நோக்குவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு அப்போது வயது ஏறத்தாழ 24. ஆர்வத்திற்கு அவரிடம் குறைவில்லை. ஆயினும், அவர் முதலில் தேடியது பிரசங்க மேடையன்று, பள்ளிக்கூடம். சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளைத் தீட்டிப் பழகினார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பன்முறை பயின்றார். அவற்றிற்கோர் அட்டவணையும் 1708-இல் வரைந்தார். அவ்வாண்டிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்க்கத் தொடங்கி, 1711-இல் முடித்தார். அஃது அச்சேறி முடிந்தது 1715-இலேயாம். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துகள் பெரியனவாயிருந்தமையின், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று.

அம்மொழிபெயர்ப்பின் நடையை வீரமாமுனிவர் கடிந்துரைத்தார். தமிழ் பயிலும் யானும் அந்நடையிற் குறையில்லை என்னேன். எனினும், பின்வந்த பப்ரிசியுஸ் ஐயரும், 1871-இல் வெளிவந்த திருத்தத்தை நடத்திய பவர் ஐயரும் செப்பனிட்டுச் சென்ற பாதையை முதலில் வெட்டியவர் அவரே. பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம் வரையில் பெயர்த்த நிலையில், 1719-இல், தம் 36-ஆம் வயதில் அவர் காலமானார். ரூத்தின் புத்தகம் முடிவது தாவீதின் பெயரோடு. பிறர் எடுக்கவிருக்கும் ஆலயத்திற்கு ஆணி சேர்த்த அவ்வரசனை, அவ்விடத்தில் நினையாதிருத்தல் இயலவில்லை.

"பேச வேண்டுவதை ஆவியானவரே அந்நேரத்தில் அருளுவார் என்று ஆண்டவர் வாக்களிக்கவில்லையோ?" என்று சிலர் வினவுவர். உண்மையே. ஆனால் அவ்வாக்கு அதிபதிகள்முன் கைதிகளாய் நிறுத்தப்படுவோர்க்கு உரைத்தது. சனிக்கிழமை இரவெல்லாம் வீண்பேச்சிற் கழித்து, ஞாயிறு காலையில் கண்விழிப்போர்க்கு உரைத்ததன்று.

இதனைப் பிறரைக் குறித்து மட்டும் எழுதினேனல்லேன். சென்ற விடுமுறையில் எங்கள் கிராமத்துக் கோவிலில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு முன்வாசிப்பு எற்றுக்கு என்றிருந்தேன். மேடையேறிய பின்னரே அவ்வதிகாரத்தைத் திறந்தேன். பெயர்கள் நாவிற் சிக்கின. நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினேன். ஓட வேண்டிய இடத்தில் நின்றேன். ஆராதனை முடிந்து வெளியே வருகையில், எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, இன்னைக்கு நீ வாசிச்சது ஒண்ணும் விளங்கலையே. எனக்குக் காது மந்தமாப் போச்சோ?" என்றார். அவர் செவியிற் குறையில்லை. அவ்வாரம் முழுமைக்கும் அவருக்குக் கிடைக்கவிருந்த வேதவசனத்தை யானே அவரிடமிருந்து பறித்துவிட்டேன். அதனை அவரிடம் சொல்லவும் எனக்குத் துணிவில்லாமற் போயிற்று.

அந்நாள்தொட்டு, வாசிக்க வேண்டிய பாடத்தை முந்தின இரவில் மும்முறை உரக்கப் படித்து, பின்னர் முழந்தாளிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். படித்தல் வேறு, ஜெபம் வேறு என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் ஓய்வுநாட் பள்ளியில் கற்பிப்போர் உளர். பாடகர் குழுவிற் பாடுவோர் உளர். கல்லூரிச் சிற்றாலயத்தில் விளக்கேற்றி இருக்கைகளை ஒழுங்கு செய்வோரும் உளர். யாவர்க்கும் பொருள் ஒன்றே. நாம் செய்யும் ஆயத்தத்தை மனிதர் காணார்; அஃதில்லாக்கால் நேரும் இழப்பை எளியோரே சுமப்பர். ஆதலின், நம் கைக்கு ஒப்புவிக்கப்பட்ட ஆணி எதுவாயினும், அதனைச் சிரத்தையோடு தேடி வைப்போமாக.